ஃபோர்டு மாடல் டி ஆம்புலன்ஸ்: பார்த்தவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

ஓஹாயோவில் டேட்டன் நகரத்தை ஒட்டி அமெரிக்க விமானப்படையின் தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு நாள் அங்கே கூட்டிப் போய்விடுவேன், டிக்கெட் கிடையாது, பார்க்கிங்குக்கும் காசு கிடையாது, வெளியே பனி கொட்டினாலும் உள்ளே நாள் முழுக்க நடக்கலாம். எல்லோரும் நாகசாகியில் குண்டு போட்ட பாக்ஸ்கார் விமானத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள். ஆனால் என் அப்பா வந்தபோது வேறு ஒரு இடத்தில் நின்றுவிட்டார். சங்ககிரியில் முப்பது வருஷம் லாரிப் பட்டறை வைத்திருந்தவர் அவர். பழைய விமானங்களுக்கு நடுவே நிற்கும் ஒரு மரப்பெட்டி ஆம்புலன்ஸைப் பார்த்ததும் முட்டி போட்டுக் குனிந்து அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார். அன்றிலிருந்து எனக்கும் அந்த வண்டி மேல் ஒரு கிறுக்கு. அப்புறம் கூட்டிப் போனவர்கள் கேட்டதையும் நான் தேடிப் படித்துச் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்ல வேண்டாம் பாருங்கள்.

இது என்ன வண்டி, எந்தக் காலத்தது?

1917ஆம் வருஷத்து ஃபோர்டு மாடல் டி. சாதாரணக் குடும்பங்கள் வாங்கிய அதே கார்தான். அதன் சேசிஸ், அதாவது அடிச்சட்டத்தின் மேல் மரச்சட்டமும் கித்தானுமாக ஒரு கூண்டு கட்டி முதல் உலகப் போருக்கு அனுப்பினார்கள். அமெரிக்கா போரில் இறங்கிய 1917 ஏப்ரலிலிருந்து 1918 நவம்பர் 1 வரை 4,362 மாடல் டி ஆம்புலன்ஸ்கள் கடல் கடந்து போயிருக்கின்றன. அதற்கு முன்பே பிரான்ஸில் தன்னார்வலர்கள் ஓட்டிக்கொண்டிருந்தவை தனி, அந்தக் கதை கீழே வருகிறது.

விமான மியூசியத்தில் ஆம்புலன்ஸுக்கு என்ன வேலை?

அப்போது விமானப்படை என்று தனியாக ஒன்று கிடையாது, விமானம் ஓட்டியவர்களும் தரைப்படையில் ஒரு பிரிவுதான். விமானத் தளம் என்று ஒன்று இருந்தால் அங்கே ஒரு ஆம்புலன்ஸும் நின்றே ஆக வேண்டும், ஏனென்றால் அந்தக் கால விமானங்கள் எதிரி சுடாமலேயே விழுந்துகொண்டிருந்தன. பயிற்சியில் விழுந்து செத்தவர்கள் ஏராளம்.

இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. லூசியானாவில் கெர்ஸ்ட்னர் ஃபீல்ட் என்று ஒரு பயிற்சித் தளம், சுற்றிலும் சதுப்பு நிலம். விமானம் விழுந்தால் இந்த மாதிரி வண்டிகள் போய்ச் சேருவதற்குள் நேரமாகிவிடும். அதனால் 1918இல் அங்கே ஒரு ஜென்னி பயிற்சி விமானத்தின் பின்பகுதியை வெட்டி, ஒரு ஆளைப் படுக்க வைத்துக் கொண்டுவரும்படி மாற்றினார்கள். இன்று ஹெலிகாப்டரில் நோயாளியைத் தூக்கிக்கொண்டு போகிறார்களே, அதற்கு அமெரிக்காவில் ஆரம்பப் புள்ளிகளில் ஒன்று அது. ஆக இந்த ஃபோர்டு அங்கே நிற்பதில் தப்பே இல்லை.

ஃபீல்ட் ஆம்புலன்ஸ் என்றால் இந்த வண்டிதானா? என் தாத்தா ராணுவத்தில் 'ஃபீல்ட் ஆம்புலன்ஸில்' இருந்தார் என்பார்களே?

நல்ல கேள்வி, ஒரு பெரியப்பா கேட்டது. உங்கள் தாத்தா அநேகமாக வண்டிக்குள் இருந்திருக்க மாட்டார். பிரிட்டிஷ் ராணுவ வழக்கில், அதன் வழியாக இந்திய ராணுவத்திலும், ஃபீல்ட் ஆம்புலன்ஸ் என்பது ஒரு படைப்பிரிவின் பெயர். டாக்டர்கள், ஸ்ட்ரெச்சர் தூக்குபவர்கள், சமையல்காரர், ஓட்டுநர் எல்லோரும் சேர்ந்த நடமாடும் மருத்துவ அணி. அந்தச் சொல்லே அப்படி வந்ததுதான், பிரெஞ்சில் நடமாடும் மருத்துவமனையைக் குறித்த சொல் பிற்பாடு தேய்ந்து வண்டியின் பெயராகிவிட்டது. நெப்போலியனின் அறுவை மருத்துவர் லார்ரே 1790களில் குதிரை பூட்டிய இலகுவான வண்டிகளைச் சண்டை நடக்கும்போதே களத்துக்குள் விட்டு காயம்பட்டவர்களை அள்ளிக்கொண்டு வந்தார், 'பறக்கும் ஆம்புலன்ஸ்' என்று அதற்குப் பெயர். அதற்கு முன்பெல்லாம் சண்டை முடிகிற வரை விழுந்தவன் விழுந்த இடத்தில் கிடக்க வேண்டியதுதான்.

இந்திய ராணுவத்தின் 60வது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸைப் பற்றிச் சொல்லாமல் போனால் பெரியப்பா கோபித்துக்கொள்வார். 1950 நவம்பரில் கொரியப் போருக்கு ஐ.நா. பக்கம் இந்தியா அனுப்பிய மருத்துவ அணி அது, தலைமை லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ். போன கொஞ்ச நாளிலேயே சீனப்படை இறங்கி, பியாங்யாங்கை விட்டு எல்லோரும் பின்வாங்க வேண்டியதாயிற்று. இவர்களுக்கு வண்டி இல்லை. மருத்துவச் சாமான்களை விட்டுவிட்டு ஓட மனசில்லாமல், நின்றுகொண்டிருந்த ஒரு பழைய நீராவி எஞ்சினைத் தேடிப் பிடித்து, தண்ணீரைக் கைமாற்றிக் கைமாற்றி ஊற்றி நிரப்பி, தாங்களே ரயிலை ஓட்டிக்கொண்டு சாமான்களோடு ஆற்றைக் கடந்தார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. ஆம்புலன்ஸ் என்றால் வண்டிதான் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் கதை இது, வண்டியே இல்லாத ஆம்புலன்ஸ்!

இவ்வளவு சின்னதாக இருக்கிறதே, எத்தனை பேரை ஏற்றுவார்கள்?

படுத்த நிலையில் மூன்று பேர், உட்கார்ந்தால் நான்கு பேர். முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் ஒட்டிக்கொள்ளலாம். இது கணக்குக்கு. நெருக்கடியில் யார் கணக்குப் பார்த்தார்கள், மட்கார்டில்கூட ஆள் உட்கார்ந்து வந்திருக்கிறார்கள், நம் ஊர் ஷேர் ஆட்டோ நியாயம்தான்.

அருகில் போனால் ஒன்றைக் கவனியுங்கள். கூண்டின் நீளம் ஸ்ட்ரெச்சரின் நீளத்துக்குப் போதாது. அதனால் பின்கதவுப் பலகையைத் தாண்டிக் கைப்பிடிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதன் மேல் கித்தானைத் தொங்கவிடுவார்கள். கூண்டை இன்னும் நீளமாகக் கட்டினால் பாரம் பின்சக்கரத்துக்குப் பின்னால் போய்விடும், முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். இரண்டு அச்சுக்கும் இடையே 100 அங்குலம்தான்.

உள்ளே ஆக்சிஜன், குளுக்கோஸ் எல்லாம் இருந்ததா?

ஒன்றும் கிடையாது. ஓட்டுநர் ஒருவர், கூட ஒரு உதவியாளர். சைரனும் இல்லை. கட்டுப் போடுவது, எலும்பு முறிந்த காலுக்குப் பட்டை வைத்துக் கட்டுவது எல்லாம் ஏற்றுவதற்கு முன்பே முன்வரிசை முதலுதவி நிலையத்தில் முடிந்திருக்க வேண்டும். 108 வண்டியை மனசில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். இது ஆளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும் வண்டி, அவ்வளவுதான்.

அப்புறம் ஏன் ஃபோர்டு? பெரிய வண்டிகள் இல்லையா?

இருந்தன. ஜிஎம்சி போன்ற பெரிய ஆம்புலன்ஸ்கள் அதே போரில் ஓடின, நல்ல சாலையில் அவைதான் வசதி. ஆனால் முன்வரிசைக்குப் பக்கத்தில் சாலை என்று ஒன்று இருக்காது, சேறும் குண்டு விழுந்த பள்ளமும்தான். அங்கே இந்த ஃபோர்டின் முக்கியமான குணம் எடை குறைவு என்பது. பள்ளத்தில் சக்கரம் இறங்கிவிட்டால் மூன்று நான்கு சிப்பாய்கள் சேர்ந்து அப்படியே தூக்கி வெளியே வைத்துவிடலாம். பெரிய வண்டி இறங்கினால் குதிரையோ இன்னொரு லாரியோ வர வேண்டும், அதுவரை பின்னால் வருபவை எல்லாம் நிற்கும், நிற்கிற வரிசை பீரங்கிக்கு இலக்கு.

இரண்டாவது, விலை. 1908இல் வந்தபோது 850 டாலர், 1916இல் அதே கார் 360 டாலர். உற்பத்தி வரிசையில் ஓட விட்டு அப்படி இறக்கினார்கள், 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டி செய்தார்கள். ஒன்று நொறுங்கினால் அதன் அச்சு, சக்கரம், எஞ்சின் எல்லாம் அடுத்த வண்டிக்குப் பொருந்தும். அப்பா இதைத்தான் சட்டென்று பிடித்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு ஸ்பேனரும் சுத்தியும் இருந்தா போதும்டா, ரோட்டோரமே வேலையை முடிச்சிரலாம்" என்றார். நான் படித்த வரையில் இந்த வண்டியைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் சொல்லவில்லை.

வனேடியம் கலந்த எஃகு என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மெல்லிசாக இருந்தாலும் முறியாத இரும்பு. மெல்லிசாக இருந்ததால்தான் வண்டி எடை குறைந்தது.

எப்படி ஸ்டார்ட் செய்வார்கள்? சாவி எங்கே?

முன்னால் ரேடியேட்டருக்குக் கீழே தொங்குகிறதே, அந்த ஹேண்டில்தான். ஊரில் பழைய லாரிகளுக்கும் அம்பாசடருக்கும் ஹேண்டில் அடித்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். இந்த ராணுவ வண்டியில் செல்ஃப் ஸ்டார்ட்டர் கிடையாது.

ஆனால் சும்மா போய்ச் சுற்றக் கூடாது. ஸ்டியரிங் தண்டில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு லீவர் இருக்கும். வலதுபக்கம் இருப்பது ஆக்ஸிலரேட்டர் (காலில் ஆக்ஸிலரேட்டர் கிடையாது), இடதுபக்கம் இருப்பது தீப்பொறி விழும் நேரத்தை முன்பின் நகர்த்துவது. ஸ்டார்ட் செய்யும்போது அதைப் பின்தள்ளி வைக்க வேண்டும். மறந்தால் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும், ஹேண்டில் திரும்ப வந்து மணிக்கட்டை உடைக்கும். அதனால்தான் இடது கையால் கீழிருந்து மேலே இழுக்க வேண்டும், கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். காயம்பட்டவர்களை ஏற்ற வந்த ஓட்டுநரே கை உடைந்து போய்ப் படுத்தால் எப்படி இருக்கும்.

குளிர்காலத்தில் இன்னும் தொல்லை. எண்ணெய் கெட்டியாகி கிளட்ச் தட்டுகள் ஒட்டிக்கொள்ளும், எஞ்சின் பிடித்தவுடன் வண்டி மெதுவாக முன்னால் நகர்ந்து ஹேண்டில் அடித்தவர் மேலேயே ஏறப் பார்க்கும். அதற்கு ஒரு பின்சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டு ஸ்டார்ட் செய்வார்கள். வெந்நீர் ஊற்றி எஞ்சினைச் சூடேற்றுவதும் உண்டு. கூண்டுக்குள் மூன்று பேர் முனகிக்கொண்டிருக்க, இருட்டில், பனியில் இதையெல்லாம் செய்திருக்கிறார்கள் என்பதைக் கண்ணாடித் தடுப்பில்லாமல் பக்கத்தில் நின்று பார்க்கும்போதுதான் உறைக்கும்.

மூன்று பெடல் இருக்கிறதே, நம்ம கார் மாதிரிதானா?

இல்லவே இல்லை, இன்றைய கார் ஓட்டத் தெரிந்தவரை இதில் உட்கார வைத்தால் முதல் நிமிடத்திலேயே சுவரில் மோதுவார். இடது பெடலை முழுக்க அழுத்தினால் முதல் கியர், பாதியில் நிறுத்தினால் நியூட்ரல், விட்டுவிட்டால் இரண்டாவது கியர். முன்னே போக மொத்தமே இரண்டு கியர்தான். நடுப் பெடல் ரிவர்ஸ். வலது பெடல் பிரேக், அதுவும் சக்கரத்தைப் பிடிக்காது, கியர்பெட்டிக்குள் ஒரு உருளையைத் துணிப்பட்டையால் இறுக்கிப் பிடிக்கும். பின்சக்கரத்தைப் பிடிக்க இடதுபக்கம் கை லீவர் தனி.

இதை ஆட்டோமேட்டிக் கியருக்கு முன்னோடி என்று சிலர் சொல்கிறார்கள். பற்சக்கரங்கள் ஒன்றைச் சுற்றி ஒன்று சுழலும் அந்த அமைப்பு பின்னாளில் ஆட்டோமேட்டிக் கார்களுக்குப் போனது உண்மைதான். ஆனால் தானாக எதுவும் மாறாது, எல்லாம் காலால்தான். என்னைக் கேட்டால் அந்தப் பெயர் கொஞ்சம் தாராளம்.

மலை ஏறும்போது ரிவர்ஸில் ஏறுவார்களாமே, உண்மையா?

உண்மை. பெட்ரோல் டேங்க் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது, பம்ப் கிடையாது, மேலிருந்து கீழே தானாக வழிந்து எஞ்சினுக்குப் போக வேண்டும். ஏற்றம் செங்குத்தாகி, டேங்கிலும் பெட்ரோல் குறைவாக இருந்தால், எஞ்சின் டேங்கை விட உயரத்துக்குப் போய்விடும், பெட்ரோல் வராது, வண்டி நின்றுவிடும். வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாக ஏறினால் டேங்க் மேலே, எஞ்சின் கீழே. இன்னொரு லாபமும் உண்டு, ரிவர்ஸ் கியர் 4க்கு 1, முதல் கியர் 2.75க்கு 1. அதாவது வண்டியில் இழுவை அதிகமான கியரே ரிவர்ஸ்தான். 20 குதிரைசக்தி எஞ்சினுக்கு அது பெரிய விஷயம்.

பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட முள் கிடையாது, சீட்டைத் தூக்கி டேங்கில் குச்சி விட்டுப் பார்க்க வேண்டும். எண்ணெய் அளவு பார்க்க வண்டிக்கு அடியில் படுத்து எஞ்சினுக்குக் கீழே இருக்கும் குழாயைத் திறக்க வேண்டும். அப்பா முட்டி போட்டுத் தேடியது அதைத்தானாம்.

இந்த வண்டிகள் பிரான்ஸில் பேர் வாங்கியதே மலையில்தான். அல்சாஸ் பக்கம் வோஜ் மலைத்தொடரில், பெரிய ஆம்புலன்ஸ்கள் ஏற முடியாத இடங்களில் அதுவரை கோவேறு கழுதைகள் மேல் காயம்பட்டவர்களைக் கட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். 1915இல் இந்த ஃபோர்டுகள் போய் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. இறங்கும்போது ஒரே பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தால் துணிப்பட்டை கருகிவிடும், அதனால் பிரேக், ரிவர்ஸ், முதல் கியர் என்று மூன்று பெடலையும் மாற்றி மாற்றி மிதித்து இறக்குவார்கள். கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் லாரி இறக்கியவர்களிடம் இதைச் சொன்னால் அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

படுத்திருந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்?

மோசமாக. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று குறுக்கே வைத்த இரண்டே இரண்டு பட்டை ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் கிடையாது. சக்கரம் மெல்லிசு. தொடை எலும்பு முறிந்தவரை இதில் படுக்க வைத்து, குண்டும் குழியுமான பாதையில் கொண்டுபோனால், எலும்பு முனைகள் உள்ளே சதையைக் கிழித்து, வழியிலேயே ரத்தம் போயும் அதிர்ச்சியிலும் செத்துப்போவார்கள். போரின் நடுவில் தாமஸ் ஸ்ப்ளின்ட் என்ற இரும்புக் கம்பிச் சட்டத்தைப் பரவலாகப் பயன்படுத்த ஆரம்பித்த பிறகுதான் அந்த நிலைமை மாறியது, காலை இழுத்துப் பிடித்து அசையாமல் வைக்கும் சாதனம் அது.

வண்டியைப் பற்றிப் பெருமையாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முன் சீட்டிலிருந்து எழுதிய நாட்குறிப்புகளும் கடிதங்களும் நிறைய, பின்னால் படுத்திருந்தவர்கள் எழுதியது ரொம்பக் குறைவு. பின்கதவுப் பக்கம் நின்று அந்த இடத்தின் உயரத்தை மட்டும் கண்ணால் அளந்து பாருங்கள்.

யார் ஓட்டினார்கள்? சிப்பாய்களா?

ஆரம்பத்தில் கல்லூரிப் பையன்கள். 1914இல் போர் ஆரம்பித்தபோது அமெரிக்கா நடுநிலை. பாரிஸை ஒட்டிய நூயியில் அமெரிக்கர்கள் நடத்திய மருத்துவமனை ஒன்று இருந்தது, அதற்கு ஆம்புலன்ஸ் ஓட்ட ஹார்வர்டு, யேல் மாதிரி இடங்களிலிருந்து தன்னார்வலர்கள் போனார்கள். வீட்டில் கார் இருந்து ஓட்டத் தெரிந்தவர்கள் அந்த வர்க்கத்தில்தானே அதிகம். கப்பல் செலவு, சீருடைச் செலவு எல்லாம் பெரும்பாலும் அவர்கள் கைக்காசு. ஆபிராம் பியாட் ஆண்ட்ரூ என்பவர், அமெரிக்க நாணயச் சாலையின் இயக்குநராக இருந்தவர், 1915 வசந்தத்தில் பிரெஞ்சு ராணுவத்திடம் பேசி இந்தப் பிரிவுகளை முன்வரிசை வரை போக அனுமதி வாங்கினார். அமெரிக்கன் ஃபீல்ட் சர்வீஸ், சுருக்கமாக ஏஎஃப்எஸ். 1916இல் வெர்டூன் சண்டையிலும் இருந்தார்கள். முன்வரிசைக்குப் பக்கத்தில் விளக்குப் போடக் கூடாது, இரவில் இருட்டிலேயே ஓட்ட வேண்டும். விளக்குப் போட்டாலும் பெரிய லாபமில்லை, மின்சாரம் எஞ்சின் சுற்றுவதிலிருந்தே வந்ததால், மெதுவாகப் போகும்போது வெளிச்சமும் மங்கிவிடும்.

1915 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, அல்சாஸ் மலைப்பாதையில் தனியாக ஏறிக்கொண்டிருந்த ரிச்சர்ட் ஹால் என்ற ஓட்டுநரின் வண்டி மேல் ஒரு குண்டு விழுந்தது. ஏஎஃப்எஸ்ஸில் முதலில் இறந்தவர் அவர். 1917இல் அமெரிக்கா போருக்குள் வந்ததும் ராணுவம் இந்த அமைப்பை எடுத்துக்கொண்டது. அதற்குள் 2,500 பேருக்கு மேல் ஓட்டிவிட்டார்கள்.

ஏஎஃப்எஸ் என்ற பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? பள்ளி மாணவர்களை வேறு நாட்டுக் குடும்பத்தோடு ஒரு வருஷம் தங்க அனுப்பும் திட்டம் நடத்துகிறார்களே, அதே அமைப்புதான். இரண்டாம் உலகப் போரிலும் ஆம்புலன்ஸ் ஓட்டிவிட்டு, 1947இல் மாணவர் பரிமாற்றத்துக்கு மாறினார்கள். என் மச்சினி பெண் அதற்கு விண்ணப்பித்தபோது இதைச் சொன்னேன், நம்பவில்லை.

ஹெமிங்வேயும் வால்ட் டிஸ்னியும் இதை ஓட்டினார்களாமே?

இருவரும் செஞ்சிலுவைச் சங்க ஓட்டுநர்கள், அது சரி. ஆனால் கேட்கிறவர்கள் நினைக்கிற மாதிரி அல்ல. ஹெமிங்வே 18 வயதில் இத்தாலியில் ஸ்கியோ என்ற ஊரில் சில வாரம்தான் ஆம்புலன்ஸ் பிரிவில் இருந்தார். 1918 ஜூலை 8 அன்று அவர் காயம்பட்டது ஆம்புலன்ஸ் ஓட்டும்போது இல்லை, முன்வரிசைச் சிப்பாய்களுக்கு சாக்லேட்டும் சிகரெட்டும் கொடுக்கப் போன இடத்தில். டிஸ்னி 16 வயதில் பிறந்த வருஷத்தைத் திருத்திச் சேர்ந்தார், பிரான்ஸுக்குப் போய்ச் சேருவதற்குள் சண்டையே முடிந்துவிட்டது. வண்டியின் கித்தான் மேல் படம் வரைந்துகொண்டிருந்தாராம். அதே பயிற்சியில் வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்த இன்னொரு பையன் ரே க்ராக், பின்னாளில் மெக்டொனால்ட்ஸை உலகமெல்லாம் கொண்டுபோனவர், அவர் கப்பலே ஏறவில்லை.

பெயர் பெற்றவர்களை விட்டுவிட்டு ஹால் மாதிரி ஆட்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பெண்கள் ஓட்டினார்களா?

ஓட்டினார்கள். எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைன் ஒரு ஃபோர்டை வரவழைத்து, 'ஆன்ட்டி' என்று பெயர் வைத்து, பிரெஞ்சு மருத்துவமனைகளுக்கு மருந்தும் சாமானும் கொண்டுபோய்க் கொடுத்தார். மேரி கியூரி எக்ஸ்ரே கருவி பொருத்திய வண்டிகள் சுமார் 20 தயார் செய்தார், தானே ஓட்டவும் கற்றுக்கொண்டார்.

காந்தி ஆம்புலன்ஸ் படை நடத்தினாரே, அதற்கு இந்த வண்டிகளா?

இல்லை, அது 1899, 1900இல், தென்னாப்பிரிக்காவில் போயர் போர். அங்கே வண்டி என்பது மனிதத் தோள்தான். சுமார் 1,100 பேர், அதில் 800 பேர் வரை ஒப்பந்தக் கூலிகள், சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டாலுக்குக் கப்பலேற்றப்பட்ட தமிழரும் தெலுங்கரும் அதில் கணிசம். ஸ்பியன் காப் சண்டையின்போது காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஒரு நாளைக்கு 20, 25 மைல் நடந்திருக்கிறார்கள். இந்த மரப்பெட்டி வண்டி குலுக்கியதைக் குறை சொல்லும்போது அந்த 25 மைலையும் நினைத்துக்கொள்வேன்.

சிவப்புச் சிலுவை போட்டிருந்தால் சுட மாட்டார்களா?

1864 ஜெனிவா ஒப்பந்தப்படி சுடக் கூடாது. ஆனால் ஐந்தாறு மைலுக்கு அப்பால் மலைக்குப் பின்னாலிருந்து பீரங்கி அடிப்பவருக்குச் சிலுவை தெரியாது, சாலையைக் குறி வைத்து அடிப்பார், யார் வருகிறார்களோ அவர்கள் மேல் விழும்.

ஹென்றி ஃபோர்டு போருக்கு எதிரானவர் இல்லையா?

ஆமாம், 1915 டிசம்பரில் சமாதானம் பேசுகிறேன் என்று ஒரு கப்பலே அமர்த்தி ஐரோப்பாவுக்குப் போனார், ஒன்றும் நடக்கவில்லை, பத்திரிகைகள் கேலி செய்தன. தன் வண்டிகள் அப்போதே அங்கே ஆம்புலன்ஸாக ஓடிக்கொண்டிருந்தன. அமெரிக்கா போருக்குள் வந்ததும் அவர் தொழிற்சாலை முழு மூச்சாக ராணுவத்துக்கு வேலை செய்தது.

மாடல் டி எல்லாம் கறுப்பு என்பார்களே, இது பச்சையாக இருக்கிறது?

1914 முதல் 1925 வரை கடையில் விற்றவை கறுப்பு. ராணுவம் வாங்கியவற்றுக்கு ராணுவ வண்ணம்.

இந்த மாதிரி வண்டிகள் எல்லாம் அசல்தானா?

பொதுவாகச் சொல்கிறேன். இரும்பு நூறு வருஷம் தாங்கும், மரமும் கித்தானும் தாங்காது. போர் முடிந்ததும் பலவற்றின் கூண்டைப் பிரித்துப் போட்டுவிட்டு சேசிஸை வேறு வேலைக்கு ஓட்டினார்கள். அதனால் உலகத்தில் இன்று நிற்கும் மாடல் டி ஆம்புலன்ஸ்கள் பலவும் பழைய சேசிஸ் மேல் புதுசாகக் கட்டிய கூண்டு. இதை மோசடி என்று நினைக்க வேண்டாம், சங்ககிரியில் ஒரே லாரிக்கு மூன்று தடவை பாடி கட்டியதைப் பார்த்து வளர்ந்தவன் நான், பாடி மாறினாலும் அது அதே லாரிதான். பிரான்ஸில் ப்ளேராங்கூர் கோட்டையில் இருக்கும் பிரெஞ்சு-அமெரிக்க மியூசியத்திலும் ஒரு ஃபோர்டு ஆம்புலன்ஸ் இருக்கிறது, அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

போனால் எதைப் பார்க்க வேண்டும்? எவ்வளவு நேரம் ஆகும்?

காலை 9 மணிக்குத் திறப்பார்கள், மாலை 5 மணி வரை. விமானக் கொட்டகை மாதிரி நான்கு பெரிய கட்டடங்கள், அதனால் நல்ல செருப்பு முக்கியம், புடவையில் வரும் அத்தைகளுக்கு நான் ஷூ வாங்கிக் கொடுத்தே கூட்டிப் போவேன். ஆம்புலன்ஸ் ஆரம்பகால விமானங்கள் இருக்கும் பகுதியில். தொடக் கூடாது. முதலில் முன்பக்கம் போய் ஹேண்டிலைப் பாருங்கள், அப்புறம் ஓட்டுநர் இடத்தில் எட்டிப்பார்த்து மூன்று பெடலையும் ஸ்டியரிங் லீவர் இரண்டையும் பாருங்கள், கடைசியாகப் பின்னால் வாருங்கள். முட்டி போட்டுக் குனிவதென்றால் காவலருக்குக் கை காட்டிவிட்டுக் குனியுங்கள், அப்பா அப்படிச் செய்யாமல் குனிந்து ஒருவர் ஓடி வந்து "ஆர் யூ ஓகே சார்?" என்று கேட்டுவிட்டார். மயங்கி விழுந்துவிட்டார் என்று நினைத்தாராம்.